கிறிஸ்துமஸ் கால ஆங்கிலச் சொற்களும் நம் விசுவாசமும்

(பங்கின் பொன்விழா ஆண்டையொட்டி, திருவருகைக் காலத்து மூன்றாம் சனிக்கிழமை மாலை ஜெபமாலைக்குப் பின் கோவில் வளாகத்தில் நம் பங்குத்தந்தை ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய உரைக்கு இந்தத் தலைப்பைத் தேர்ந்தெடுத்தவர்கள் நம் இளைஞர் மன்றத்தார். அறிவிப்புப் பலகையில் அதைக் கண்ட பெரியவர் ஒருவர், "கோவிலிலுமா சாமி இங்கிலீசு?" என்று நம்மிடம் வருத்தத்தோடு கேட்டார். அவர் வருத்தம் நியாயமானதே. ஆயினும், நாம் அழைத்தாலும் அழைக்காவிட்டாலும் இந்தச் சொற்கள் நம் வீடுகளுக்குள் வந்துவிட்டன. வாழ்த்து அட்டையில் வருகின்றன. துணிக்கடைக் கண்ணாடியில் எழுதப்படுகின்றன. பிள்ளைகளின் கைப்பேசியில் நள்ளிரவிலும் ஒலிக்கின்றன. வீட்டிற்கு வந்த விருந்தாளியை உட்காரவைத்து, "எந்த ஊர், யாருடைய பிள்ளை?" என்று விசாரிப்பது நம் வழக்கம். அதுபோல இந்தச் சொற்களையும் சற்று விசாரிப்போம்.

முதலாவதாகக் 'கிறிஸ்துமஸ்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். இதில் இரண்டு சொற்கள் ஒட்டிக்கிடக்கின்றன. முன்பாதி கிறிஸ்து. பின்பாதியாகிய 'மஸ்' என்பது 'மாஸ்' என்பதன் தேய்வு. மாஸ் என்றால் பூசை. ஆக, 'கிறிஸ்துவின் பூசை' என்பதே அந்தச் சொல்லின் பொருள். 1038ஆம் ஆண்டைச் சேர்ந்த பழைய ஆங்கில எழுத்தில் இச்சொல் 'கிறிஸ்டஸ் மேஸ்ஸே' என்று இரண்டு சொல்லாகவே காணப்படுகிறது. அதற்கு முன்பும், அதன் பின்பு சில காலமும், ஆங்கிலேயர் இந்நாளை 'மிட்விண்டர்', அதாவது நடுக்குளிர்காலம், என்று அழைத்து வந்தனர். 1066இல் வில்லியம் அரசர் முடிசூடிய கிறிஸ்து பிறப்பு நாளை அவர்களுடைய ஆண்டுக் குறிப்பு நூல் நடுக்குளிர்கால நாள் என்றே எழுதுகிறது. பருவத்தின் பெயரால் வழங்கிய நாள், காலப்போக்கில் பூசையின் பெயரால் வழங்கலாயிற்று.

'மாஸ்' எங்கிருந்து வந்தது? இலத்தீன் பூசையின் முடிவில் குருவானவர் மக்களை அனுப்பி வைக்கும்போது 'மிஸ்ஸா' என்ற சொல் வரும். அனுப்புதல் என்பது அதன் அடிப்பொருள். முடிவிலே சொல்லப்பட்ட அந்த ஒரு சொல்லே வழிபாடு முழுவதற்கும் பெயராகிவிட்டது. நம் பாட்டிமார்கள் கிறிஸ்து பிறப்பு விழாவைப் பெரும்பாலும் எப்படிச் சொல்லுகிறார்கள்? "சாமப் பூசைக்குப் போனோம்" என்கிறார்கள். ஆங்கிலம் ஓர் எழுத்தும் அறியாத அந்தத் தாய்மார்கள், ஆங்கிலச் சொல்லின் நேர்ப்பொருளையே இத்தனை ஆண்டுகளாகப் பேசி வந்திருக்கிறார்கள்! பேரப்பிள்ளைகள் அவர்களைக் கேலி செய்ய வேண்டாம்.

இங்கே ஒரு வேடிக்கையும் உண்டு. இங்கிலாந்தில் சீர்திருத்தக் காலத்திற்குப் பின் பூசையையே விலக்கிவிட்டார்கள். ஆனால் பெயரிலிருந்த பூசையை விலக்க முடியவில்லை. தூய்மைவாதிகள் எனப்பட்ட பியூரிட்டன் மக்களில் சிலர், 'மாஸ்' என்ற ஒலி காதில் விழக்கூடாதென்று 'கிறிஸ்து-டைடு', அதாவது கிறிஸ்துவின் காலம், என்று மாற்றிச் சொல்லிப் பார்த்தனர். 1647இல் அவர்கள் கை ஓங்கியிருந்த பாராளுமன்றம் விழாவையே ஒழித்துச் சட்டம் செய்தது. அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று கான்டர்பரி நகரில் கலகமே மூண்டது. 1660இல் அரசாட்சி திரும்பியதும் விழாவும் திரும்பிற்று. 'கிறிஸ்து-டைடு' என்ற சொல் வழக்கொழிந்தது.

இனி, நம் மனத்தை நெடுங்காலமாக அரித்துக்கொண்டிருக்கும் ஒரு சொல்லுக்கு வருகிறோம். அது 'எக்ஸ்மஸ்'.

உங்களில் பெரியவர்களுக்கு நினைவிருக்கும், நாம் இதே பங்கில் 2003, 2004ஆம் ஆண்டுகளில் உதவிப் பங்குத்தந்தையாக இருந்தோம். 2003 டிசம்பரில் நம் இளைஞர்கள் மூங்கிலும் வண்ணத்தாளும் கொண்டு ஆளுயர நட்சத்திரம் ஒன்று செய்தார்கள். அதில் எழுத்து எழுதியவன் ஒரு பையன். பெயர் வேண்டாம். அப்போது அவனுக்குப் பதினேழு, பதினெட்டு வயதிருக்கும். பள்ளிப்படிப்பை நிறுத்திவிட்டுக் கடைப்பலகை எழுதும் ஒருவரிடம் தொழில் கற்றுக்கொண்டிருந்தான். கை எழுத்து முத்துமுத்தாக இருக்கும். நட்சத்திரத்தின் குறுகிய கையில் 'ஹாப்பி எக்ஸ்மஸ்' என்று ஆங்கிலத்தில் சிவப்பு வண்ணத்தில் எழுதியிருந்தான்.

நமக்குக் கோபம் வந்துவிட்டது. எல்லோர் முன்னிலையிலும், "கிறிஸ்துவை எடுத்துவிட்டு அவர் இடத்தில் பெருக்கல் குறி போட்டிருக்கிறாயே! கணக்குப் பாடத்திலே தெரியாத எண்ணுக்குத்தானே எக்ஸ் போடுவார்கள்? கிறிஸ்து உனக்குத் தெரியாதவரா?" என்று கேட்டோம். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். நாமும் நன்றாகச் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டோம். பையன், "இடம் பத்தலை சாமி" என்று மட்டும் சொன்னான். பிறகு தாளைக் கிழித்து எடுத்துவிட்டுப் போனான். அந்த ஆண்டு சாமப் பூசையில் அவனை நாம் காணவில்லை.

இரண்டு வாரம் கழித்து மூவரசர் திருநாள். கோவிற்பிள்ளை நமக்காகப் பொன்னிறப் பூசை உடுப்பை எடுத்து வைத்திருந்தார். அதன் முதுகுப்புறத்தில் சரிகையால் நெய்த ஓர் அடையாளம்: பெருக்கல் குறி போன்ற ஓர் எழுத்து, அதன் நடுவிலே நெட்டுக்குத்தாக ஆங்கிலப் 'பி' போன்ற இன்னோர் எழுத்து. எத்தனையோ முறை அணிந்த உடுப்புதான். அன்றுதான் நம் கண் திறந்தது. அது ஆங்கில எக்ஸ் அன்று. கிரேக்க எழுத்தாகிய 'கி'. அடுத்தது 'பி' அன்று, 'ரோ'. கிரேக்க மொழியில் 'கிறிஸ்தோஸ்' என்ற பெயரின் முதலிரண்டு எழுத்துகள் அவை. கான்ஸ்டன்டைன் மன்னன் 312இல் போருக்குச் செல்லுமுன் பெற்ற அடையாளம் என்று சபை வரலாற்றில் படித்தோமே, அதுவே இது. நம் பீடத் துணியிலும் இருக்கிறது. நாளைக் காலையில் உற்றுப் பாருங்கள்.

எக்ஸ்மஸ் என்பதிலுள்ள எக்ஸ் இந்தக் 'கி'தான். கிறிஸ்துவை நீக்குவதற்காக வைத்த எழுத்து அன்று. கிறிஸ்துவையே குறிக்கும் எழுத்து. இங்கிலாந்தின் பழைய துறவு மடங்களில் தோலில் ஏடு எழுதிய துறவியர், கிறிஸ்துவின் பெயரை இவ்வாறே சுருக்கி எழுதினர். தோல் விலையுயர்ந்தது, அதில் எழுத இடமும் குறைவு. "இடம் பத்தலை சாமி" என்று அந்தப் பையன் சொன்னதும் அதுதானே! குருமடத்தில் கிரேக்க அரிச்சுவடி படித்துத் தேர்வும் எழுதிய நமக்குத் தெரியாமற்போனதை, பள்ளியை விட்டு நின்ற பையன் தன்னையறியாமல் சரியாகச் செய்திருந்தான்.

இன்றைய வியாபாரிகள் அந்த எக்ஸைக் கிரேக்கம் அறிந்தா எழுதுகிறார்கள் என்று கேட்டால், இல்லை என்பதே உண்மை. எனவே பீடத்திலும் வாழ்த்து அட்டையிலும் முழுப்பெயரையே எழுதுங்கள், அதுவே அழகு. ஆனால் சுருக்கி எழுதிய பிள்ளையை அவிசுவாசி என்று யாரும் திட்ட வேண்டாம். திட்டிய ஒருவர் போதும்.

அடுத்து 'மெர்ரி கிறிஸ்துமஸ்'. மெர்ரி என்ற சொல்லுக்குப் பழங்காலத்தில் இனிமையான, மனத்துக்கு உகந்த என்பது பொருள். பிற்காலத்தில் சற்றே குடித்துவிட்டு மகிழ்ந்திருக்கும் நிலைக்கும் அச்சொல்லை வழங்கினர். அதனால் 'ஹாப்பி கிறிஸ்துமஸ்' என்று சொல்வதே கண்ணியம் என்று கருதுவோர் இங்கிலாந்தில் உண்டு. நம் ஊரிலும் விழா நாளின் பிற்பகலில் சிலர் இரண்டாவது பொருளையே பிடித்துக்கொள்கிறார்கள். யாரென்று அவரவர்க்குத் தெரியும், மேலே செல்வோம்.

இந்த வாழ்த்து எழுத்தில் காணப்படும் மிகப் பழைய இடங்களுள் ஒன்று எது என்று தெரிந்தால் வியப்படைவீர்கள். அது விருந்து மண்டபத்தில் எழுதப்பட்டதன்று. இலண்டன் கோபுரச் சிறையில் எழுதப்பட்டது.

ஜான் ஃபிஷர் ரோச்செஸ்டர் மறைமாவட்டத்தின் ஆயர். பெரிய அறிஞர். எட்டாம் ஹென்றி மன்னன் தன் மனைவி கேத்தரீன் அரசியைத் தள்ளிவிட்டு வேறு மணம் முடிக்க விரும்பியபோது, அரசியின் பக்கம் நின்றவர். மன்னன் கேட்ட சத்தியப் பிரமாணத்தைச் செய்ய மறுத்ததால் 1534ஆம் ஆண்டு ஏப்ரலில் கோபுரச் சிறையில் அடைக்கப்பட்டார். வயது அறுபத்தைந்தை நெருங்கியிருந்தது, உடலும் நலிந்திருந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள், மன்னனின் செயலராகிய தாமஸ் குரோம்வெல்லுக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். தமக்குச் சட்டையில்லை, இருப்பவை கந்தலாகிவிட்டன, வயிறு ஏற்காத உணவு வருகிறது, குளிர் தாங்கவில்லை என்று எழுதிவிட்டு, இரண்டு வேண்டுகோள் விடுத்தார். ஒன்று, திருநாட்களில் ஜெபிக்கப் பக்தி நூல்கள். மற்றொன்று, வரப்போகும் இந்தப் புனித காலத்தில் தம் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்க ஒரு குரு.

இத்தனையும் எழுதியபின், யார் கையில் தம் உயிர் இருந்ததோ அந்தக் குரோம்வெல்லுக்கே, ஆண்டவர் இனிய கிறிஸ்துமஸைத் தந்தருள்வாராக என்று வாழ்த்திக் கடிதத்தை முடித்தார். அவர் எழுதிய சொல் 'மெர்ரி'தான்.

ஆறு மாதம் கழித்து, 1535 ஜூன் 22இல் அவர் தலை வெட்டப்பட்டது. அதற்கு முந்திய மாதத்தில்தான் மூன்றாம் பவுல் பாப்பரசர் அவரைக் கர்தினாலாக உயர்த்தியிருந்தார். 1540இல் குரோம்வெல்லும் அதே மன்னனின் கட்டளையால் தலை வெட்டுண்டு மாண்டார். 1935இல் பதினொன்றாம் பத்திநாதர் பாப்பரசர் ஃபிஷரையும் தாமஸ் மோரையும் ஒருங்கே புனிதர் பட்டத்திற்கு உயர்த்தினார். கடைகளில் தோரணமாகத் தொங்கும் அந்த இரண்டு சொற்களைப் பார்க்கும்போதெல்லாம், கந்தல் சட்டையோடு குளிரில் நடுங்கிக்கொண்டு பேனா பிடித்த அந்தக் கிழவரின் கையே நம் கண்முன் வருகிறது.

சில சொற்களை விரைவாகச் சொல்லிவிடுவோம். 'அட்வென்ட்' என்பது இலத்தீனில் வருகை. நாம் திருவருகைக் காலம் என்பது அதன் நேர்த் தமிழ். 'யூல்' என்பது கிறிஸ்தவம் வருமுன்னே வடநாட்டு மக்கள் நடுக்குளிரில் கொண்டாடிய விழாவின் பெயர்; இன்று அது கேக் வடிவில்தான் நம்மிடம் வருகிறது. 'ஹாலி', 'மிசில்ட்டோ' இரண்டும் அந்நாட்டுச் செடிகள். நமக்கு மாவிலை போதும். 'ஸ்க்ரூஜ்' என்றால் கஞ்சன். 1843 டிசம்பரில் சார்லஸ் டிக்கன்ஸ் வெளியிட்ட கதையில் வரும் கிழவனின் பெயர், பொதுச் சொல்லாகிவிட்டது. தனக்கே கேடான காரியத்துக்குத் தானே கைதூக்குபவனை 'கிறிஸ்துமஸுக்கு ஓட்டுப் போடும் வான்கோழி' என்பார்கள் ஆங்கிலேயர். விருந்துக்கு வெட்டப்படுவது அதுதானே. 'ஒயிட் கிறிஸ்துமஸ்' என்றால் பனி பெய்த கிறிஸ்துமஸ். நம் இளைஞர்கள் குடிலின் மேல் பஞ்சைப் பிய்த்து ஒட்டுவது அதற்காகத்தான். வைக்கோல் தெரியாத அளவுக்கு ஒட்ட வேண்டாம் என்பது நம் தாழ்மையான கருத்து.

'நோயல்' என்ற சொல்லில் மட்டும் சற்று நிற்க வேண்டும். பிறப்பைச் சேர்ந்தது என்று பொருள்படும் 'நத்தாலிஸ்' என்னும் இலத்தீன் சொல், பிரெஞ்சு மொழியில் நோயல் ஆயிற்று. அதே சொல் போர்த்துக்கீசிய மொழியில் 'நத்தால்' ஆயிற்று. இலங்கைத் தமிழர் கிறிஸ்து பிறப்பு விழாவை 'நத்தார்' என்கிறார்களே, அது போர்த்துக்கீசியர் விட்டுச்சென்ற சொல். இன்னொன்று. வாஸ்கோ ட காமா 1497இல் இந்தியாவை நோக்கி வரும் வழியில், கிறிஸ்து பிறப்புக் காலத்தில் தென்னாப்பிரிக்காவின் கீழ்க்கரையைக் கண்டு, அதற்கு 'நத்தால்' என்றே பெயரிட்டார். அதுதான் நேட்டால். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து கப்பலேறிய நம்மவர்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாக இறங்கிய இடமும் அதுவே. 'பிறப்புவிழா' என்னும் பெயருடைய கரையில் இறங்கிய அந்த ஏழைகளுக்கு அங்கே காத்திருந்தது விழா அன்று.

'கேரல்' என்றவுடன் இளைஞர்கள் நிமிர்ந்து உட்காருகிறீர்கள். கேரல் என்பது ஆதியில் பாட்டு மட்டுமன்று. வட்டமாக நின்று, கைகோத்து, சுற்றிவந்து ஆடிப் பாடுவதற்கே பழைய பிரெஞ்சு மொழியில் 'கரோல்' என்று பெயர். ஒருவர் பாட, மற்றவர் சேர்ந்து பாட, கால்கள் சுழலும். இதைக் கேட்டவுடன் உங்களுக்கு எது நினைவுக்கு வருகிறது? கும்மிதானே! இரண்டாண்டுகளுக்கு முன் கீழத்தெருப் பாட்டிமார்கள் குடில் முன்னே கும்மி கொட்ட வேண்டும் என்று நம்மிடம் அனுமதி கேட்டார்கள். பாடற்குழுவினர் முகத்தைச் சுளித்தார்கள். "கிட்டார் வைத்துக் கேரல் பாடுகிற இடத்தில் கும்மியா சாமி?" என்றார்கள். அன்று நாம் சொன்ன பதில் வேறு. இன்று சொல்லும் பதில் இது. அகராதியின்படி பார்த்தால், நாற்காலியில் உட்கார்ந்து தாளைப் பார்த்துப் பாடுகிற உங்களைக் காட்டிலும் அந்தப் பாட்டிமார்களே கேரலுக்கு அதிக உரிமையுடையவர்கள். இந்த ஆண்டு கும்மி உண்டு. பாடற்குழுவும் சேர்ந்து கொட்டலாம்.

'கிரிப்' என்பதை நாம் குடில் என்கிறோம். ஆனால் அந்த ஆங்கிலச் சொல் கூரையைக் குறிப்பதன்று. மாடு தின்னும் தொட்டியைக் குறிப்பது. முன்னணை என்றும் தீவனத் தொட்டி என்றும் நற்செய்தியில் வாசிக்கிறோமே, அதுவே கிரிப். பிள்ளைகளைக் கிடத்தும் கட்டிலுக்கும் அப்பெயர் பின்னால் வந்தது. 1223இல் இத்தாலியில் கிரேச்சியோ என்ற மலையூரில் புனித பிரான்சிஸ் அசிசியார் அமைத்தாரே முதற்குடில் என்று நாம் போற்றுவதை, 2023இல்தான் அதன் எண்ணூறாம் ஆண்டு நிறைவுற்றது, அதில் சுரூபங்கள் எதுவும் இருந்ததாக அவர் வரலாற்றை எழுதிய செலானோ தாமஸ் சொல்லவில்லை. தொட்டி, வைக்கோல், ஓர் எருது, ஒரு கழுதை. தொட்டியின் மேலேயே பூசை நடந்தது. தியாக்கோனாகிய பிரான்சிஸ் நற்செய்தியைப் பாடினார். பெத்லகேம் என்றால் எபிரேயத்தில் அப்பத்தின் வீடு. உண்ணும் தொட்டி, அப்பத்தின் வீடு, கிறிஸ்துவின் பூசை: மூன்று மொழிச் சொற்களும் ஒரே இடத்தில் வந்து சேருவதைக் கவனியுங்கள். சீரியல் விளக்குகளுக்கு ஒதுக்கும் நேரத்தில் கால்பங்காவது தொட்டிக்கு ஒதுக்கினால் போதும்.

அட்டைகளில் 'பீஸ்', 'குட்வில்' என்று காண்கிறீர்கள். வானதூதர் பாடியது மனிதர்மேல் நல்லெண்ணம் என்றா, நன்மனத்தோர்க்கு அமைதி என்றா? 1611இல் வந்த ஆங்கில வேதாகமம் முதலாவதைச் சொல்கிறது. நம் இலத்தீன் பூசை இரண்டாவதைச் சொல்கிறது. கிரேக்கத்தில் வேறுபாடு கடைசியில் வரும் ஒரே ஓர் எழுத்து. பழமையான பிரதிகளில் அவ்வெழுத்து இருக்கிறது. ஓரெழுத்தைப் பற்றி நாம் இப்போதெல்லாம் சற்று ஜாக்கிரதையாகவே பேசுகிறோம் என்பது உங்களுக்குப் புரியும்.

நம் இன்னொரு பிழையையும் சொல்லிவிட வேண்டும். கிறிஸ்துமஸின் பன்னிரண்டு நாட்களைப் பற்றி ஓர் ஆங்கிலப் பாட்டு உண்டு. நாளுக்கொரு பரிசாகக் கவுதாரி, புறா, கோழி என்று அடுக்கிக்கொண்டே போகும். அது இங்கிலாந்தில் கத்தோலிக்கர் ஒடுக்கப்பட்ட காலத்தில் பிள்ளைகளுக்கு இரகசியமாக ஞானோபதேசம் கற்பிக்க அமைத்த மறைமொழி என்றும், கவுதாரி என்றால் கிறிஸ்து, நான்கு பறவைகள் என்றால் நான்கு நற்செய்திகள் என்றும் கைப்பேசியில் ஒரு செய்தி ஆண்டுதோறும் சுற்றி வருகிறது. வேறொரு பங்கில் இருந்தபோது அதை நம்பி, உருக்கமாகப் பிரசங்கமே வைத்துவிட்டோம். பூசை முடிந்ததும் ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியை ஒருவர் சக்ரீஸ்துக்கு வந்தார். "சாமி, நான்கு நற்செய்தியும் பத்துக் கட்டளையும் புரோட்டஸ்டாண்டு சகோதரர்களுக்கும் உண்டே. அவர்களுக்குப் பயந்து அதை ஏன் ஒளித்துக் கற்பிக்க வேண்டும்? ஒளிப்பதானால் பூசையையும் பாப்பரசரையும் அல்லவா ஒளிக்க வேண்டும்?" என்று மிகவும் பணிவாகக் கேட்டார். நம்மிடம் பதில் இல்லை. அந்தப் பாட்டு அச்சில் முதலில் வந்தது 1780இல் ஒரு சிறுவர் நூலில், ஞாபக விளையாட்டாக. மறைமொழிக் கதைக்கு இருபதாம் நூற்றாண்டுக்கு முந்திய சான்று கிடையாது. ஆனால் பன்னிரண்டு நாள் என்பது கதையன்று. 567இல் தூர் நகரச் சங்கமே கிறிஸ்து பிறப்பு முதல் திருக்காட்சி வரை பன்னிரண்டு நாட்களையும் திருநாட்காலமாக்கிற்று. கடைக்காரருக்குத்தான் 25ஆம் தேதியோடு கிறிஸ்துமஸ் முடிகிறது. நமக்கு அன்றுதான் ஆரம்பம்.

'சாண்டா கிளாஸ்' டச்சு மக்களின் 'சின்ட்டர்கிளாஸ்'. அதாவது மீரா நகர் ஆயர் புனித நிக்கோலாஸ். ஏழைத் தகப்பன் ஒருவனின் மூன்று பெண்களின் திருமணத்துக்காக இரவில் ஜன்னல் வழியே பொன்முடிப்பு எறிந்தவர் என்பது மரபு. வரதட்சணை கேட்கிற மாப்பிள்ளை வீட்டார் எவரும் அந்தத் தாத்தா வேடம் போடத் தகுதியில்லை என்று மட்டும் சொல்லிவைக்கிறோம்.

கடைசியாகப் 'பாக்சிங் டே'. மறைக்கல்வி வகுப்பில் கேட்டபோது ஒரு பையன், "குத்துச்சண்டை நாள் சாமி" என்றான். இன்னொருவன், "மெல்போர்னில் டெஸ்ட் மேட்ச் ஆரம்பிக்கிற நாள்" என்றான். இரண்டாமவன் சொன்னது உண்மையே. 26ஆம் தேதிதான் அது. ஆனால் பாக்ஸ் என்பது இங்கே பெட்டி. இங்கிலாந்தில் தொழில் பழகும் பையன்கள், வேலைக்காரர்கள் கிறிஸ்துமஸ் சமயத்தில் மண் உண்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு வாடிக்கையாளரிடம் காசு சேர்ப்பார்கள். பிறகு அதை உடைத்துப் பங்கிட்டுக்கொள்வார்கள். அதுவே கிறிஸ்துமஸ் பெட்டி. சாமுவேல் பெப்பீஸ் என்பவர் 1663 டிசம்பரில், செருப்புத் தைப்பவர் கடைப் பையன்களின் பெட்டியில் ஏதோ போட்டதாக நாட்குறிப்பில் எழுதுகிறார். விழா நாளில் எசமானர் வீட்டு விருந்துக்கு உழைத்தவர்களுக்கு, மறுநாள்தான் திருநாள். 1871இல் இங்கிலாந்தில் சட்டப்படி அது விடுமுறையாயிற்று. திருச்சபையில் அது புனித ஸ்தேவான் நாள். கைம்பெண்களுக்கு அன்றாடம் பகிர்ந்தளிக்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட எழுவரில் ஒருவர் அவர்.

இந்தச் சொல் நம் கடற்கரையிலும் எழுதப்பட்டிருக்கிறது. 2004 டிசம்பர் 26. அன்று ஞாயிறு, திருக்குடும்பத் திருவிழா. நம் கோவிலில் இரண்டாம் பூசை முடிந்து வெளியே வந்தபோதுதான் வேளாங்கண்ணி, நாகப்பட்டினத்துச் செய்தி வந்தது. ஆங்கிலேயர் இன்றும் அதைப் 'பாக்சிங் டே சுனாமி' என்றே எழுதுகிறார்கள். இந்த ஊர் அன்று மாலைக்குள் தன் வீடுகளைத் திறந்துவிட்டது. கிறிஸ்துமஸுக்கு எடுத்த புதுத்துணியை ஒருநாள் உடுத்தியபடியே துவைத்து மடித்துக் கொண்டுவந்தவர்கள் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். அரிசி, போர்வை, சட்டி பானை என்று மளிகைக் கடை அட்டைப் பெட்டிகளில் கட்டி இந்த வளாகத்தில் அடுக்கினோம். எண்ணவில்லை, ஒரு லாரி நிறைந்தது.

அன்றிரவு பெட்டிகளின் மேல் என்ன இருக்கிறது, எந்த ஊருக்கு என்று எழுத ஆள் தேவைப்பட்டது. நாம் கேட்காமலே ஒருவன் வண்ண டப்பாவும் தூரிகையுமாக வந்து உட்கார்ந்தான். ஓராண்டாகக் கோவில் பக்கம் வராத அதே பையன். விடியும்வரை எழுதினான். நாம் இரண்டு முறை அவன் பக்கத்தில் போய் நின்றோம். கிரேக்க எழுத்தைப் பற்றியும், பூசை உடுப்பைப் பற்றியும், நம் தவற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும் என்றுதான் போனோம். லாரிக்காரர் அவசரப்படுத்தினார்; கூட்டம் இருந்தது; நாளை சொல்லலாம் என்று விட்டுவிட்டோம். "காபி குடிச்சியா தம்பி?" என்று மட்டும் கேட்டோம். அடுத்த ஏப்ரலில் நமக்கு இடமாற்றம் வந்தது. திரும்பி வந்து விசாரித்தபோது, அவர் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போய்விட்டதாகச் சொன்னார்கள். திருப்பூர் என்றார் ஒருவர். வெளிநாடு என்றார் இன்னொருவர்.

இப்போது அவருக்கு நாற்பது வயதை ஒட்டியிருக்கும். இந்தப் பொன்விழா மலர் வெளியூரிலுள்ள நம் பங்கு மக்களுக்கும் அஞ்சலில் அனுப்பப்படுகிறது என்று விழாக்குழுச் செயலர் கூறினார். அதனால்தான் இந்த உரையை அச்சிட இசைந்தோம். அவரைத் தெரிந்தவர் யாரேனும் இருந்தால், அந்த நான்காம் பக்கத்து நட்சத்திரப் படத்தை அவருக்குக் காட்டுங்கள். இந்த ஆண்டும் இளைஞர்கள் மூங்கில் வெட்டி வந்துவிட்டார்கள். நட்சத்திரத்தின் குறுகிய கையில் எழுத வேண்டிய இடத்தை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை.